ஒரே கட்டில், இரண்டு முதுகு

“அம்மா, நீங்களும் அப்பாவும் சண்டையா?”

எட்டு வயது மகள் இப்படிக் கேட்டபோது இரவு பதினொரு மணி இருக்கும். அவளுடைய மூன்றடிக் கட்டிலில், சுவரோடு ஒட்டி, ஒருக்களித்துப் படுத்திருந்தேன். நான் அங்கே படுக்கத் தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

“இல்லடா. அம்மாவுக்கு இடுப்பு வலி. அந்த மெத்தை ஒத்துக்கல.”

“அப்பாவுக்கும்தான் இடுப்பு வலி. அவருக்கு மட்டும் எப்படி ஒத்துக்கிச்சு?”

கேட்டுவிட்டு அவள் தூங்கிப் போனாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பக்கத்து அறையில் கிடந்த மெத்தை என் போனஸ் பணத்தில், என் பிடிவாதத்தில் வாங்கியது. விலை 2,600 ரிங்கிட். அது எனக்குச் சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை. பேசாமல் தலையணையைத் தூக்கிக்கொண்டு மகள் அறைக்குப் போய்விட்டேன். அவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததே எனக்குக் கோபம். சண்டை இல்லை என்று மகளிடம் சொன்னது முழு உண்மையும் இல்லை.

இந்தப் பத்தியில் நான் வழக்கமாக எழுதுவது வீட்டுச் செலவையும் வீட்டு வேலையையும் பற்றி. இந்த வாரம் படுக்கையைப் பற்றி எழுதுகிறேன். மெத்தை வாங்குவதில் நான் செய்த தவறுகளை நீங்களும் காசு கொடுத்துச் செய்ய வேண்டாமே.

நடுவில் விழுந்த பள்ளம்

எங்கள் பழைய மெத்தை ஸ்பிரிங் மெத்தை. கிள்ளானில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தபோது வாங்கியது. பதினோரு வருடம் உழைத்தது. கடைசி இரண்டு வருடமாக நடுவில் பள்ளம். இரவில் யார் எந்த ஓரத்தில் படுத்தாலும் விடியும்போது இருவரும் நடுவில் கிடப்போம். தொடக்கத்தில் அதைக் கேலி செய்து சிரித்தோம். பிறகு இருவருக்கும் காலையில் இடுப்பு பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

என் கணவர் துறைமுகப் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை செய்கிறார். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரமாவது காரில் உட்கார்ந்திருப்பார். எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. மாதக் கடைசியில் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை. அதனால் வலிக்குக் காரணம் வேலைதான் என்று நினைத்திருந்தோம்.

பள்ளி விடுமுறையில் ஈப்போ போய் ஒரு விடுதியில் இரண்டு இரவு தங்கினோம். இரண்டு காலையும் வலியில்லாமல் எழுந்தோம். வீட்டுக்கு வந்து ஒரு இரவு தூங்கியதும் பழைய குருடி கதவைத் திறடி. அப்போதுதான் மெத்தைமேல் சந்தேகம் வந்தது.

இது நல்ல சோதனை. வேறொரு படுக்கையில் சில நாள் தூங்கும்போது காலை வலி குறைந்தால், உங்கள் படுக்கைக்கும் வலிக்கும் தொடர்பு இருக்கலாம். எங்கே படுத்தாலும் ஒரே மாதிரி வலி, அல்லது காலையில் சுமாராக இருந்து மாலையில் கூடுகிற வலி என்றால், மெத்தையை மாற்றுவதால் பெரிய பலன் இருக்காது. உட்காரும் விதத்தையும் வேலையையும் பார்க்க வேண்டும்.

“பலகையில படுத்தோம்”

மெத்தை மாற்றப் போகிறோம் என்று தெரிந்ததும் என் மாமியார் சொன்னார்: “நாங்கள்லாம் லயத்து வீட்ல பலகை மேல பாய் விரிச்சுத்தான் படுத்தோம். இப்ப உள்ள புள்ளைங்களுக்குத்தான் மெத்தை, மெத்தைக்கு மேல மெத்தை. கெட்டியா வாங்கும்மா. முதுகுக்கு அதுதான் நல்லது.”

நானும் அதைத்தான் நம்பினேன். முதுகு வலிக்குக் கெட்டி மெத்தை என்பது நம் வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத பாடம். டாக்டர்களே பல வருடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து, குனிந்து நிமிர்ந்து வேலை செய்த உடம்பு. எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்காரும் என் உடம்போடு அதை ஒப்பிடக்கூடாது என்று அப்போது தோன்றவில்லை. அந்த அத்தையே தினமும் இரவில் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுக்கிறார் என்பதும் தோன்றவில்லை.

ஒரு கழிவு விற்பனைக்குப் போனோம். சனிக்கிழமை மாலை, நல்ல கூட்டம். ‘ஆர்த்தோபீடிக்’ என்று பெரிதாக எழுதிய ஒரு மெத்தையை விற்பனையாளர் முஷ்டியால் குத்திக் காட்டினார். நான் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் விலைச்சீட்டைப் பார்த்தார். பத்தே நிமிடம், முடிந்தது வியாபாரம். பதினோரு வருடம் படுக்கப் போகிற பொருளின் மேல் ஒரு நிமிடம்கூட நாங்கள் இருவரும் படுத்துப் பார்க்கவில்லை.

‘ஆர்த்தோபீடிக்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எலும்பு மருத்துவர் யாரோ சோதித்துச் சான்று கொடுத்தது போல அது காதில் விழுகிறது. அப்படி ஒன்றும் இல்லை. மெத்தைக் கம்பெனிகள் விளம்பரத்துக்குப் போட்டுக்கொள்ளும் பெயர் அது. பெரும்பாலும் “இது கெட்டி” என்பதுதான் அதன் அர்த்தம்.

வீட்டுக்கு வந்த மெத்தையில் அவர் முதல் இரவே நன்றாகத் தூங்கினார். எனக்கோ நாலாம் நாள் தோள் மரத்துப்போனது. பத்தாம் நாள் இடுப்பெலும்பில், படுத்த பக்கமெல்லாம், நசுக்கிய மாதிரி வலி. இரவில் நான்கு முறை புரண்டு படுப்பேன். ஒவ்வொரு முறையும் அவர் விழித்துக்கொள்வார்.

“பழகிடும்,” என்றார்.

“உங்களுக்குப் பழகிடுச்சு,” என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. கடைக்குப் போன் செய்தேன். பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்றார்கள். மெத்தையில் பழுது ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். பழுது இல்லை, எனக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அது பழுதாகாது என்றார்கள். இரண்டரை வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டு மகள் அறைக்குப் போனேன்.

டாக்டர் கேட்ட கேள்விகள்

மகளின் கேள்விக்கு மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் மெத்தையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு. காலில் பலம் குறைந்திருக்கிறதா? தொடை இடுக்கில், உட்காரும் இடத்தில் உணர்வு மரத்துப்போகிறதா? சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போகிறதா? காய்ச்சல் உண்டா? காரணமில்லாமல் எடை குறைந்ததா? விழுந்தீர்களா? முன்பு புற்றுநோய் வந்ததுண்டா?

இவற்றில் ஒன்று இருந்தாலும் மெத்தைக் கடைக்குப் போகக்கூடாது, டாக்டரிடம் போக வேண்டும். சிறுநீர், மலக் கட்டுப்பாடு போனாலோ, இடுக்குப் பகுதி மரத்தாலோ, கால் வேகமாகப் பலமிழந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இளையவர்களுக்கு இன்னொரு விஷயத்தையும் சொன்னார். நாற்பது வயதுக்குள் தொடங்கிய முதுகு வலி, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிறது. காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு. படுத்திருந்தால் கூடுகிறது, நடமாடினால் குறைகிறது. பின்னிரவில் வலியால் விழிப்பு வருகிறது. இப்படி இருந்தால் அது மூட்டு அழற்சி நோயாகவும் இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. மெத்தையைக் குறை சொல்லிக்கொண்டே சிலர் பல வருடங்களைக் கழித்துவிடுகிறார்களாம்.

எனக்கு அப்படி எதுவும் இல்லை. சாதாரண இடுப்பு வலிதான் என்று சொல்லி பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் நிபுணர்தான் முதலில் கேட்டார்: “எப்படிப் படுப்பீங்க?”

ஒருக்களித்து. என் கணவர்? மல்லாந்து. எடை? நான் 55 கிலோ. அவர் 88.

“அப்போ உங்க ரெண்டு பேருக்கும் அது ஒரே மெத்தை இல்லையே,” என்றார்.

எது கெட்டி, யாருக்குக் கெட்டி?

மல்லாந்து படுப்பவருக்கு எடை முழுவதும் முதுகிலும் பிட்டத்திலும் பரவலாக இறங்குகிறது. உடம்பில் கனமான பகுதி இடுப்பு. மெத்தை மெதுவாக இருந்தால் அந்த இடம் மட்டும் ஆழமாக அமுங்கி, முதுகு தொட்டில்போல வளைகிறது. எடை கூடியவர்களுக்கு இது இன்னும் அதிகம். அதனால் என் கணவரைப் போன்றவருக்குக் கொஞ்சம் கெட்டியான மெத்தை தாங்குதலாக இருக்கிறது.

ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டிருக்கின்றன. அந்த இரண்டு இடமும் மெத்தைக்குள் சிறிது இறங்கினால்தான் நடுவில் இருக்கும் இடைக்குத் தாங்குதல் கிடைக்கும், முதுகெலும்பு நேர்கோட்டில் இருக்கும். கெட்டி மெத்தையில் அவை இறங்குவதில்லை. எடை குறைந்தவர் என்றால் இறங்கவே இறங்காது. இடை அந்தரத்தில் தொங்க, தோளும் இடுப்பும் நசுங்குகின்றன. என்னுடைய நிலை அதுதான்.

ஆக, கெட்டி, மெது என்பது மெத்தையில் மட்டும் இல்லை. யார் படுக்கிறார், எப்படிப் படுக்கிறார் என்பதிலும் இருக்கிறது. அவருக்கு நடுத்தரமாக இருப்பது எனக்குப் பலகை. எனக்கு நடுத்தரமாக இருப்பது அவருக்குச் சேறு.

இதில் ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. ஸ்பெயினில் நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கெட்டி மெத்தையும் மற்றதற்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தால், படுத்திருக்கும்போதும் எழும்போதும் உள்ள வலியிலும், அன்றாட வேலைகள் செய்ய முடிவதிலும், நடுத்தர மெத்தைக்காரர்களுக்கே முன்னேற்றம் அதிகம். 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. கெட்டிதான் நல்லது என்ற பழைய பாடத்தை இது நன்றாகவே அசைத்தது.

அதற்காக ‘நடுத்தரம்’ என்று ஒட்டியிருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் முடியாது. ஒரு கம்பெனியின் நடுத்தரம் இன்னொரு கம்பெனியின் கெட்டி. எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கடைகளில் இல்லை. உங்கள் முதுகுதான் அளவுகோல்.

எங்கள் வீட்டு ஏற்பாடு

இன்னொரு 2,600 ரிங்கிட்டுக்கு எங்கே போவது? பிசியோதெரபி நிபுணர் ஒரு வழி சொன்னார். மெத்தை பள்ளம் விழாமல் உறுதியாக இருந்து, கெட்டி மட்டுமே குறை என்றால், மேலே விரிக்கும் டாப்பர் போட்டுப் பார்க்கலாம். பள்ளம் விழுந்த பழைய மெத்தைக்கு இது உதவாது. பள்ளத்தின் மேல் எதைப் போட்டாலும் அதுவும் பள்ளமாகத்தான் வளையும்.

எங்கள் கட்டில் கிங் அளவு, ஆறடி அகலம். சிங்கிள் டாப்பர் மூன்றடி. ஐந்து சென்டிமீட்டர் தடிப்பில் லேட்டக்ஸ் டாப்பர் ஒன்றை 520 ரிங்கிட்டுக்கு வாங்கி என் பாதியில் மட்டும் போட்டேன்.

அத்தை வந்து பார்த்தார். “என்னம்மா இது, புருஷன் பொண்டாட்டி நடுவுல எல்லைக்கல்லு போட்ட மாதிரி?” என்றார். பிறகு குனிந்து முகர்ந்தார். “பால் வாசம் அடிக்குதே!”

ஆமாம், இது ரப்பர் பால்தான் என்றேன். அவருக்கு நம்ப முடியவில்லை. மங்கில் சொட்டிய பால் மெத்தையாகுமா? ஆகும். ரப்பர் பாலை நுரைபோல அடித்து, அச்சில் ஊற்றிச் சூடேற்றி இறுகச் செய்தால் கிடைப்பது லேட்டக்ஸ் மெத்தை. வாழ்நாளெல்லாம் பால் எடுத்தவர் அந்த மெத்தையில் ஒருநாளும் படுத்ததில்லை. கொஞ்ச நேரம் கையால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நடுவில் இருந்த அந்த ஐந்து சென்டிமீட்டர் படி இடைஞ்சலாகத்தான் இருந்தது. அதற்கு வழி சொன்னதும் அத்தைதான். அவரிடம் பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று இருந்தது. வருடக்கணக்கில் படுத்துப் படுத்து இறுகிப்போனது. அதை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, தட்டி, அவர் பக்கம் போட்டோம். உயரம் ஏறக்குறைய சரியாகிவிட்டது. இரண்டுக்கும் மேல் ஒரே விரிப்பு. என் பக்கம் ரப்பர் பால், அவர் பக்கம் இலவம்பஞ்சு.

மகள் அறையிலிருந்து தலையணையைத் திரும்ப எடுத்து வந்தேன். ஒரு வாரத்தில் தோள் மரப்பது நின்றது. இரவில் புரள்வது குறைந்தது. அதனால் அவர் தூக்கமும் தப்பித்தது.

வலி அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை. மெத்தை மருந்தில்லை. எனக்குக் கொடுத்த பயிற்சிகளைச் செய்யாத வாரம் இடுப்பு ஞாபகப்படுத்திவிடுகிறது. முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துக்கொண்டு படுக்கிறேன். மகளின் கட்டிப்பிடிக்கும் நீளத் தலையணை அதற்கு நன்றாகப் பொருந்துகிறது. அவர் மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைக்கிறார். முதுகின் வளைவு தளர்கிறது என்கிறார். அவருக்கு வலி உண்மையில் குறையத் தொடங்கியது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை காரை ஓரம் கட்டி இறங்கி நடக்கப் பழகிய பிறகுதான். முதுகு வலி என்று நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பதைவிட, முடிந்த அளவு நடமாடுவதே நல்லது என்று டாக்டரும் சொன்னார்.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால்

முதலில் வீட்டில் உள்ளதைச் சோதியுங்கள். விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தையின் குறுக்கே துடைப்பக் கட்டையை வையுங்கள். கட்டைக்கும் மெத்தைக்கும் நடுவில் நான்கு சென்டிமீட்டர் அளவுக்குப் பள்ளம் தெரிந்தால் அதற்கு ஓய்வு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. ஆனால் மெத்தையைத் தூக்கிக் கட்டிலையும் பாருங்கள். எங்கள் கட்டிலில் நடுக் கால் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது, குறுக்குப் பலகை ஒன்று விரிசல் விட்டிருந்தது. பழைய பள்ளத்தில் பாதிப் பழி அதற்குத்தான். சரி செய்யாமல் விட்டிருந்தால் புது மெத்தையும் குழி விழுந்திருக்கும். ஃபோம், லேட்டக்ஸ் மெத்தை என்றால் பலகைகளுக்கு நடுவே ஏழு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம்.

கடைக்கு இருவரும் சேர்ந்து போங்கள். தளர்ந்த உடை போட்டுக்கொண்டு, கூட்டமில்லாத வார நாளில் போங்கள். வீட்டுத் தலையணையைக் கையோடு எடுத்துப் போங்கள். கூச்சப்படாமல், வழக்கமாகப் படுக்கும் விதத்தில், இருவரும் பக்கம் பக்கமாகப் பதினைந்து நிமிடம் படுங்கள். ஒருவர் புரளும்போது மற்றவருக்கு ஆட்டம் தெரிகிறதா பாருங்கள்.

மல்லாந்து படுப்பவர் இடுப்பின் வளைவுக்குக் கீழே கையை நுழைத்துப் பார்க்கலாம். கை தாராளமாகப் போய் வந்து இடமும் மிஞ்சினால் அது உங்களுக்குக் கெட்டி. நுழையவே முடியாவிட்டால் மெது. சிறிது இறுக்கமாக நுழைந்தால் சரி. ஒருக்களித்துப் படுப்பவரை, துணைவர் பின்னால் நின்று போனில் ஒரு படம் எடுக்கட்டும். கழுத்து முதல் இடுப்பு வரை கோடு நேராக இருக்க வேண்டும்.

வகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப்பையில் இருக்கும் ‘பாக்கெட் ஸ்பிரிங்’, ஒன்றோடொன்று கட்டிய பழைய வகை ஸ்பிரிங்கைவிட ஆட்டத்தைக் குறைவாகக் கடத்தும். மெமரி ஃபோம் 1966இல் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவுக்காக இருக்கை மெத்தைக்கென உருவானது. உடம்பின் வடிவத்துக்கு நன்றாக வளைந்து கொடுக்கும், ஆனால் சூட்டைப் பிடித்து வைக்கும். இன்னொன்று, அது குளிரில் இறுகும், சூட்டில் இளகும். கடையின் ஏர்கோனில் சரியாகத் தோன்றியது, மின்விசிறி மட்டும் ஓடும் உங்கள் அறையில் அதிகமாக அமுங்கலாம். லேட்டக்ஸ் அமுங்கியதும் உடனே எழும்பும், புரள்வது சுலபம்; கனம் அதிகம், விலையும் அதிகம். முழுக்க இயற்கை ரப்பரா, செயற்கை கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

இருவருக்கும் எடையிலும் படுக்கும் விதத்திலும் வேறுபாடு அதிகமா? ஒரு கிங் மெத்தைக்குப் பதிலாக இரண்டு சிங்கிள் மெத்தை வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். மூன்றடியும் மூன்றடியும் ஆறடி; நீளம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரே கட்டிலில் பக்கம் பக்கமாகப் பொருந்தும். உயரம் மட்டும் ஒன்றாக இருக்கும்படி பார்த்து, அவரவர் முதுகுக்கு ஏற்ற கெட்டியில் வாங்கலாம். நடுவில் ஒரு கோடு தெரியும். தடித்த விரிப்பு போட்டால் அதுவும் பெரிதாகத் தெரியாது. முதலிலேயே இது தெரிந்திருந்தால் நாங்கள் இதைத்தான் செய்திருப்போம்.

பணம் கட்டும் முன், வீட்டில் படுத்துப் பார்த்து மாற்றிக்கொள்ள எத்தனை நாள் தருவார்கள், திருப்பி எடுத்துப்போகும் செலவு யாருடையது, உறையைப் பிரிக்கலாமா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். உத்தரவாதச் சீட்டு பொதுவாகப் பள்ளம், ஸ்பிரிங் பழுது போன்றவற்றுக்குத்தான். ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்பதற்கு இல்லை. உண்மையான பழுதுக்கும் கடை பொறுப்பேற்காவிட்டால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது தேவை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. “பழகிடும்” என்று சொல்லாதீர்கள், சொல்லவும் விடாதீர்கள். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது மற்றவர் வாங்கிய பொருளைக் குறை சொல்வதாகாது. நான் வாங்கியது தப்பு என்று முதல் வாரமே ஒப்புக்கொண்டிருந்தால், அவரும் “எங்கே வலிக்குது?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மகளின் மூன்றடிக் கட்டிலில் ஒன்பது இரவு நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். ஒரே கட்டிலில் படுக்கிறவர்களுக்கு ஒரே முதுகு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

நான் அறை மாறிய இரவு மகள் எட்டிப் பார்த்தாள். கட்டிலின் இரண்டு பாதியையும் கையால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு நேராக என் பக்கம் ஏறிப் படுத்துக்கொண்டாள். “இதுதான் நல்லா இருக்கு,” என்றாள். இப்போது வார இறுதிகளில் மூன்றடியில் நாங்கள் இரண்டு பேர். அதற்கு எந்தக் கடையிலும் மெத்தை கிடையாது.